சொல்லுக்கு விலை வந்த கதை

1973இல் அமெரிக்காவைப் பெட்ரோல் தட்டுப்பாடு ஆட்டிப்படைத்தது. கலிபோர்னியாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பில் கிராஸ் என்ற பையனுக்கு அப்போது சூரிய வெப்பத்தில் இயங்கும் கருவிகளைச் செய்து பார்ப்பதில் பித்து. செய்ததை விற்கக் கடையும் கிடையாது, கையில் காசும் கிடையாது. 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பத்திரிகையின் பின்பக்கங்களில் வரும் சின்ன விளம்பரங்களுக்கு நடுவே ஒரு மூலையை வாங்கினான். அந்தப் பத்திரிகையைப் படித்தவர்களில் இப்படி ஒரு கருவி வேண்டும் என்று நினைத்தவர்கள் சொற்பம்தான். ஆனால் அந்தச் சொற்பப் பேரின் கண்ணில் விளம்பரம் பட்டது. தபாலில் பணம் வந்தது. கால்டெக் கல்லூரிப் படிப்புச் செலவுக்கு அது கைகொடுத்தது. தேவைப்படுகிறவன் கண்ணில் பட்டால் போதும், ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிக்க வேண்டியதில்லை என்பது அவன் மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. அந்தப் பாடத்துக்கு உலகம் முழுவதும் வேலை வர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இடையில் இணையம் வந்தது. 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்ட்' என்ற இணைய இதழில் நீளப் பட்டையாக ஒரு விளம்பரம் தோன்றியது. கொடுத்தது ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம். பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைக் க்ளிக் செய்து பார்த்தார்கள் என்று இன்றும் விளம்பர உலகில் சொல்லிக்கொள்கிறார்கள். புதுமை தந்த வேகம் அது. பட்டைகள் பெருகப் பெருக, மக்கள் அவற்றைத் தாண்டிப் படிக்கப் பழகிக்கொண்டார்கள். விளம்பரக் கட்டணமோ எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கில்தான் வசூலிக்கப்பட்டது. அந்தக் கணக்கு யாஹூ போன்ற பெரிய தளங்களுக்குச் சரி. ரோஜாச் செடிக்கு வரும் பூச்சிநோயைப் பற்றி ஒருவர் பத்து ஆண்டு அனுபவத்தில் எழுதி வைத்திருந்தால், அதைத் தேடி மாதம் ஐந்நூறு பேர் வந்தாலும் அவரிடம் விளம்பரம் கொடுக்க எந்த நிறுவனத்தின் விற்பனை ஆளும் வரவில்லை. இணையத்தின் பெரும்பகுதி அப்படிப்பட்ட ஐந்நூறு பேர் பக்கங்களால் ஆனது என்பதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

1996இல் கிராஸ், பாசடீனாவில் 'ஐடியாலேப்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். புதுப்புது யோசனைகளை நிறுவனங்களாக்கிப் பார்க்கும் பட்டறை அது. அப்போதைய தேடுபொறிகளின் நிலைமை அவரை உறுத்தியது. ஒரு பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதுதான் அவற்றுக்குப் பெரிய அளவுகோல். ஆகவே மோசடிக்காரர்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் பிரபலமான சொற்களை நூற்றுக்கணக்கில் கொட்டி வைத்தார்கள். மனிதக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது; இயந்திரம் மட்டும் ஏமாந்தது. கார் தேடினாலும் கல்யாண உடை தேடினாலும் ஆபாசத் தளம் வந்து நின்றது. இந்தக் குப்பையைக் கூட்டுவது எப்படி என்று எல்லோரும் கணிதத்தில் விடை தேடிக்கொண்டிருந்தபோது, கிராஸ் தொலைபேசிப் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டினார்.

மஞ்சள் பக்கங்களில் குழாய் ரிப்பேர் என்ற தலைப்பின் கீழ் காசு கொடுத்தவர்கள்தான் பெரிதாகத் தெரிந்தார்கள். யாரும் அதைக் குறை சொல்லவில்லை. குழாய் ரிப்பேர் செய்யாதவன் அந்தத் தலைப்பில் காசைக் கொட்ட மாட்டான் அல்லவா? அப்படியென்றால் தேடுபொறியில் ஒவ்வொரு சொல்லையும் ஏலம் விட்டால் என்ன? அதிலும், பார்த்ததற்குக் காசு வேண்டாம். க்ளிக் செய்து உள்ளே வந்தால் மட்டும் கொடுத்தால் போதும். தொடக்க விலை ஒரே ஒரு சென்ட். யோசனை இவ்வளவுதான். அதைச் சபையில் சொன்னபோதுதான் விவகாரம் ஆரம்பித்தது.

1998 பிப்ரவரியில் மான்டரே நகரில் நடந்த, புதிய யோசனைகளைப் பேசும் டெட் மாநாட்டில் கிராஸ் 'கோ-டு' என்ற தன் தேடுபொறியை அறிமுகம் செய்தார். தேடல் முடிவுகளைக் காசுக்கு விற்பதா? அவையினர் முகம் சுளித்தார்கள். பத்திரிகையாளர்களுக்கு இது செய்திப் பக்கத்தை விலைக்கு விற்பது போலவே பட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கிராஸ் ஒளித்து எதையும் செய்யவில்லை. கோ-டுவில் ஒரு சொல்லைத் தேடினால், ஒவ்வொரு முடிவின் அடியிலும் அந்த வியாபாரி ஒரு க்ளிக்குக்கு எத்தனை சென்ட் கொடுக்கிறார் என்பது வெளிப்படையாகவே அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து, அவருக்கு மேலே நிற்க ஆசைப்பட்ட அடுத்த வியாபாரி ஒரு சென்ட் கூட்டினார். முதலாமவர் இன்னொரு சென்ட் கூட்டினார்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வாசகராலும் கிராஸுக்கு நட்டம். பிற தளங்களிலிருந்து ஆளுக்குச் சில சென்ட் கொடுத்து வாசகர்களை வரவழைத்து, ஒரு சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஏலம் சூடு பிடித்ததும் கணக்கு தலைகீழானது. 1999 ஜூனில் கோ-டு பங்குச் சந்தைக்குப் போனது. 2001இல் 'ஓவர்ச்சர்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இந்த ஏலத்தின் பக்க விளைவாக இன்னொன்றும் பிறந்தது. என்னைக் கேட்டால் கதையின் மிக முக்கியமான பொருள் அதுதான். எந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்பது என்று வியாபாரிகள் திணறியதால், ஒரு சொல்லைக் கொடுத்தால் அதை ஒட்டிய சொற்கள் போன மாதம் எத்தனை முறை தேடப்பட்டன என்று காட்டும் இலவசக் கருவியை நிறுவனம் வெளியிட்டது. மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்பது எண்ணிக்கையாக, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியே வந்தது. வியாபாரிகளுக்காகச் செய்த அந்தக் கருவியை வேறு ஒரு கூட்டம் ஆசையோடு எடுத்துக்கொண்டது. அதற்கு முன் கலிபோர்னியாவின் இன்னொரு மூலையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கிராஸ் கோ-டுவை அறிமுகம் செய்த அதே 1998இல், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களான லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விளம்பரப் பணத்தில் வாழும் தேடுபொறி, இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்று அதன் பின்னிணைப்பில் எழுதினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனமாகப் பதிவானது. ஆட்கள் குவிந்தார்கள், வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2000ஆம் ஆண்டு, இணைய நிறுவனங்களின் பங்கு விலைகள் ஊதிப்பெருத்திருந்த டாட்காம் குமிழி உடைந்ததும் முதலீட்டாளர்களின் பொறுமை கரையத் தொடங்கியது. விளம்பரத்தை வெறுத்த இருவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

தேடல் முடிவுகளில் கை வைக்க மட்டும் அவர்கள் சம்மதிக்கவில்லை. 2000 அக்டோபரில், முடிவுகளுக்கு வலப்பக்கம் தனியாக, படம் இல்லாத வெறும் எழுத்து விளம்பரங்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். கடன் அட்டை வைத்திருக்கும் எவரும் தானே விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். முதல் வாடிக்கையாளர் உயிருள்ள லாப்ஸ்டர்களைத் தபாலில் அனுப்பி விற்றுக்கொண்டிருந்த ஒரு சிறு வியாபாரி என்று கூகுள் வரலாறு சொல்கிறது. அந்தத் திட்டத்தின் பெயர் 'ஆட்வேர்ட்ஸ்'. ஆனால் கட்டணம் பழைய முறையில், பார்த்தவர் தலைக்கணக்கில்தான் இருந்தது. 2002 பிப்ரவரியில் அதையும் மாற்றி, க்ளிக் ஏலத்துக்கு வந்தார்கள். கிராஸின் ஏலத்தில் அதிகக் காசு கொடுத்தவர் மேலே போனார். கூகுள் அதில் ஒரு திருத்தம் செய்தது: கேட்ட விலையை, மக்கள் அந்த விளம்பரத்தை எவ்வளவு க்ளிக் செய்கிறார்கள் என்பதோடு பெருக்கியது. பொருத்தமில்லாத பணக்கார விளம்பரம் கீழே சரிந்தது. பொருத்தமான ஏழை விளம்பரம் மேலே வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஓவர்ச்சர் கூகுள் மீது காப்புரிமை வழக்குப் போட்டது.

வழக்கு ஒருபக்கம் நடக்க, கூகுளுக்கு வேறொரு நெருக்கடி முளைத்தது. விளம்பரம் கொடுக்க வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள், ஒட்டுவதற்குச் சுவர் போதவில்லை. தேடும் நேரத்தைவிட மக்கள் படிக்கும் நேரம்தான் அதிகம். படிக்கும் பக்கங்களிலோ யாரும் எந்தச் சொல்லையும் தட்டுவதில்லை. சொல் இல்லாமல் எதை ஏலம் விடுவது? அந்த முடிச்சு அவிழ்ந்தது, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இரவு வேலையில்.

ஜிமெயில் அப்போது வெளிவரவில்லை. அதை உருவாக்கிக்கொண்டிருந்த பால் புக்ஹைட்டும் மரிஸ்ஸா மேயரும் இந்த அஞ்சலுக்கு எப்படி வருமானம் வரும் என்று ஓர் இரவு பேசிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தில் இருப்பதைப் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தை ஓரத்தில் காட்டலாமே என்றார் புக்ஹைட். அடுத்தவர் கடிதத்தை இயந்திரம் படிப்பதா, ஆட்கள் மிரண்டுவிடுவார்கள், வேண்டவே வேண்டாம் என்றார் மேயர். சரி என்று ஒப்புக்கொண்டார் புக்ஹைட். மேயர் வீட்டுக்குக் கிளம்பியபோது விடியற்காலை மூன்று மணி. அவர் தலை மறைந்ததும் புக்ஹைட் மறுபடி கணினி முன் உட்கார்ந்தார்.

ஆபாசப் பக்கங்களை வடிகட்ட அவர் முன்பே எழுதி வைத்திருந்த நிரல் ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் எந்தெந்தச் சொற்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக வருகின்றன என்று பார்த்து, அது எதைப் பற்றிய பக்கம் என்று அது கணிக்கும். அதே நிரலைத் திருப்பிப் போட்டு, கணித்த சொற்களை விளம்பரக் கிடங்கோடு இணைத்தார். சில மணி நேர வேலை. காலையில் மேயர் அஞ்சலைத் திறந்தபோது ஓரத்தில் விளம்பரம் நின்றது. கோபத்தோடு அவர் அடுத்தடுத்த கடிதங்களைத் திறந்தார். நண்பர் ஒருவர் மலை நடைக்குக் கூப்பிட்டு எழுதியிருந்தார். பக்கத்தில் நடைக்கான பூட்ஸ் விளம்பரம். அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் பேச வருகிறார் என்று இன்னொரு கடிதம். பக்கத்தில் அல் கோர் பற்றிய புத்தகங்கள். மேயருக்குத் தன் எதிர்ப்பே சந்தேகமாகிவிட்டது. குப்பையை விலக்க எழுதிய நிரல், பணம் காய்ச்சும் மரத்தின் விதையாக மாறியிருந்தது.

கடிதத்துக்கு முடியும் என்றால் கட்டுரைக்கு முடியாதா? சூசன் வொசிஸ்கி, கூகுள் தொடங்கியபோது மென்லோ பார்க் வீட்டில் தன் கராஜை அவர்களுக்கு வாடகைக்கு விட்டவர், இந்த வேலையை முன்னின்று நடத்தினார். 2003 மார்ச்சில் கூகுள் தன் முதல் முயற்சியை அறிவித்தது. ஆனால் இதே காரியத்தை வேறு சிலர் வேறு வழியில் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில், கிராஸ் படித்த அதே கால்டெக்கில் படித்த கிலாட் எல்பாஸும் ஆடம் வைஸ்மனும் 1998இல் 'ஓய்ங்கோ' என்ற தேடுபொறியைத் தொடங்கியிருந்தார்கள். ஜாவா என்று தட்டினால் தீவா, காபியா, கணினி மொழியா என்று பிரித்தறியும் சொற்களஞ்சியம் ஒன்றை அவர்கள் கட்டினார்கள். தேடுபொறியாக அது எடுபடவில்லை. நிறுவனத்தின் பெயரை 'அப்ளைட் செமான்டிக்ஸ்' என்று மாற்றி, அதே களஞ்சியத்தை வைத்துப் பக்கத்தின் பொருளுக்கேற்ற விளம்பரம் பொருத்தும் தொழிலில் இறங்கினார்கள். அவர்கள் காட்டியது, கூகுளின் எதிரியான ஓவர்ச்சரின் விளம்பரங்களை. 2003 ஏப்ரலில் கூகுள் பத்து கோடி டாலருக்குச் சற்று மேல் மதிப்பில் அந்த நிறுவனத்தை வாங்கியது. தோற்ற தேடுபொறியின் களஞ்சியத்தோடு, அவர்கள் வைத்திருந்த ஒரு பெயரும் வந்து சேர்ந்தது.

அந்தப் பெயர் 'ஆட்சென்ஸ்'. 2003 ஜூன் 18 அன்று சிறு தளக்காரர்கள் எவரும் தாங்களே சேர்ந்துகொள்ளும்படி அது திறந்துவிடப்பட்டது. சமையல் குறிப்போ, பழைய கேமரா ரிப்பேரோ, மூட்டுவலி வைத்தியமோ எதைப் படித்தாலும் ஓரத்தில் வந்து நிற்கிறதே ஒரு சின்னப் பெட்டி, பலரும் ஏறிட்டுக்கூடப் பார்க்காத அந்த விளம்பரப் பெட்டி பிறந்த நாள் அதுதான். தளக்காரர் செய்ய வேண்டியது, சில வரி நிரலை நகலெடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டுவது மட்டுமே. இயந்திரம் வந்து பக்கத்தைப் படிக்கும், பொருத்தமான சொல்லை எடுக்கும், ஏலத்தில் வென்ற விளம்பரத்தைக் காட்டும். யாராவது க்ளிக் செய்தால் காசில் பங்கு. அந்தப் பங்கு 68 சதவீதம் என்பதைக் கூகுள் 2010இல்தான் வெளியே சொன்னது. ரோஜாப் பூச்சிக்காரரின் ஐந்நூறு வாசகர்களுக்கு விலை வந்துவிட்டது.

தொடக்கத்தில் இயந்திரத்துக்குச் சொல் தெரிந்த அளவுக்கு இங்கிதம் தெரியவில்லை. கொலையுண்ட ஒருவரின் உடலைத் துண்டுகளாக்கி சூட்கேஸில் அடைத்த செய்தி 'நியூயார்க் போஸ்ட்' தளத்தில் வந்தபோது, அதன் பக்கத்தில் சூட்கேஸ் விற்பனை விளம்பரம் நின்றது. அதற்குப் பிறகு துயரச் செய்திகளிலிருந்து விளம்பரத்தை விலக்க இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. ஓவர்ச்சர் போட்ட வழக்கும் 2004 ஆகஸ்டில் முடிந்தது. முந்தைய ஆண்டு 163 கோடி டாலருக்கு ஓவர்ச்சரை வாங்கியிருந்த யாஹூவுக்கு 27 லட்சம் பங்குகளைக் கொடுத்து, சில நாளில் கூகுள் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. பெரியவர்களின் சண்டை ஓய்ந்தபோது, சின்னவர்களின் வேட்டை தொடங்கியிருந்தது.

ஓவர்ச்சரின் இலவசக் கருவியை ஆசையோடு எடுத்துக்கொண்ட கூட்டம் இந்தச் சிறு தளக்காரர்கள்தான். அவர்கள் பேச்சில் அது கீவேர்டு பிடிப்பது. கேமரா என்ற சொல்லைப் பிடித்தால் பெரிய கடைகளோடு மோத வேண்டும். குறிப்பிட்ட மாடல் கேமராவின் ஷட்டர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதைப் பிடித்தால், மாதம் தேடுகிறவர்கள் இருநூறு பேர்தான். ஆனால் எதிரே யாரும் இல்லை. இப்படி ஒவ்வொரு பக்கமாக எழுதி அடுக்கியவர்களுக்கு ஒரு வினோதம் புரிந்தது. கூகுளுக்கு ஒரு நாளில் வரும் கேள்விகளில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்கப்படாதவை. எந்தக் கருவியும் முன்கூட்டிக் காட்ட முடியாத அந்தக் கேள்விகள், விடாமல் எழுதி நிறைய பக்கம் வைத்திருந்தவர் வாசலில்தான் வந்து தட்டின. சின்சினாட்டியில் வீடு கட்டும் தொழில் பார்த்து, வாசகர் கேள்விகளுக்குப் பத்திரிகைப் பத்தியில் பதில் எழுதிவந்தவர் டிம் கார்ட்டர். தளத்தில் அவர் சேர்த்து வைத்திருந்த பதில்களுக்கு நடுவே இந்தப் பெட்டிகள் வந்ததும், வருமானம் கட்டடத் தொழிலையே மிஞ்சியது என்று பேசப்பட்டது. கூகுளே அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னது. அதைப் படித்த எல்லோருக்கும் தச்சு வேலை தெரிந்திருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

தெரியாதவர்கள் குறுக்கு வழி கண்டார்கள். கல்நார்த் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயின் பெயர், இழப்பீட்டு வழக்கறிஞர்களின் போட்டியால் ஒரு க்ளிக்குக்குப் பல பத்து டாலர் வரை போனது. உடனே அந்த நோயை ஒருமுறையும் கண்டிராதவர்கள் எழுதிய பக்கங்கள் புற்றீசலாகக் கிளம்பின. சாகக் கிடக்கிறவரின் குடும்பம் தேடி வந்து, வெற்றுச் சக்கையைப் படித்துவிட்டுப் போனது. 2006இல் தொடங்கிய 'டிமாண்ட் மீடியா' இதையே தொழிற்சாலையாக்கியது. எந்தச் சொல் தேடப்படுகிறது, அதன் ஏல விலை என்ன, எதிரே எத்தனை பக்கம் இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிட்டுத் தலைப்பைத் துப்பும். கட்டுரைக்குப் பதினைந்து டாலர் என்ற அளவில் எழுதித்தரும் ஆட்கள் அதை நிரப்புவார்கள். 2011 ஜனவரியில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்த நாளில், அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரி கடைசி வாரத்தில் கூகுள் தன் தரவரிசைக் கணக்கை மாற்றியது. அதைச் செய்த பொறியாளர்களில் ஒருவரான நவ்நீத் பாண்டாவின் பெயரால் 'பாண்டா' என்று அது அழைக்கப்பட்டது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் ஒரே வீச்சில் மாறின. சொல்லைப் பிடித்துச் சக்கையால் நிரப்பிய தளங்கள் ஒரே இரவில் பின்பக்கங்களுக்குப் போயின. அதே ஆண்டு மே மாதம் கூகுள் வெளியிட்ட கேள்விப் பட்டியல், இந்தக் கட்டுரையை விஷயம் தெரிந்தவர் எழுதினாரா, இதில் உள்ள தகவலை நம்பலாமா என்ற ரீதியில் இருந்தது. சில நல்ல தளங்களும் அந்த அடியில் சிக்கின. அவற்றை நடத்தியவர்களின் வலி உண்மையானது. ஆனாலும் அந்த அடி விழுந்திருக்கத்தான் வேண்டும்.

இத்தனை நடந்தும் அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாமல் இருந்தது. 2003 வாக்கிலேயே தமிழில் வலைப்பூக்கள் பூக்கத் தொடங்கிவிட்டன; சினிமா, மருத்துவம், கல்வெட்டு, சமையல் என்று எழுதிக் குவித்தார்கள். ஆதரவு மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லாததால், தமிழ்ப் பக்கத்தில் அந்த விளம்பரத்தைப் போடுவது விதிமீறல். காசு வேண்டியவர்கள் ஆங்கிலத்துக்குப் போனார்கள்; மற்றவர்கள் தமிழ் மீதுள்ள பற்றால் மட்டுமே எழுதினார்கள்; பலர் களைத்துப்போய் முகநூலுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2014இல் இந்தி சேர்ந்தது, 2017இல் வங்காளம். தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில். ஆட்சென்ஸ் பிறந்து அதற்குள் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. சொந்தத் தொழிலை, சொந்த அனுபவத்தைத் தமிழில் விடாமல் எழுதிவைப்பவருக்கு அந்தப் பெட்டியில் முறைப்படி பங்கு கிடைப்பது அன்றிலிருந்துதான்.